கதவில்லாத கடை



ஹலாலான வழியில் பொருளீட்டிக் குடும்பத்தைக் காப்பது மார்க்கம் போற்றும் செயலாகும். அந்த வழியில் இன்று நம் வீடுகளிலேயே எத்தனையோ சிறு தொழில்கள் நடைபெற்று வருகின்றன. ஒரு சகோதரி அபாயா தைத்து விற்கிறார். மற்றொருவர் தம்ரூட்டும் தொதலும் செய்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறார். ஓர் இளைஞர் அத்தர் வாங்கி விற்கிறார். மருதாணி இடுபவர்கள், விருந்துகளுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுப்பவர்கள் எனப் பட்டியல் நீளும். இவர்களில் பலருக்குக் கடைத்தெருவில் இடமில்லை. பெயர்ப் பலகையும் இல்லை. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆகியவைதாம் இவர்களின் கடைகள்.

முன்பணம் கொடுத்துக் கடை பிடிக்க இயலாத ஒரு விதவைச் சகோதரி, வீட்டிலிருந்தபடியே உழைத்துத் தம் பிள்ளைகளைப் படிக்க வைக்க இந்தக் கருவி உதவுகிறது என்றால், அது நன்றி செலுத்த வேண்டிய அருட்கொடையே. ஆனால் எந்த அருட்கொடைக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவை அறியாவிட்டால், வருமானம் வந்த வாசல் வழியாகவே நிம்மதி வெளியேறிவிடும்.

நம் பாட்டனார்களின் கடைகளை எண்ணிப் பாருங்கள். பாங்கு கேட்டதும் கல்லாவைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குச் செல்வார்கள். இஷாவுக்குப் பின் பலகைகளை அடுக்கிப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். கடைக்கு ஒரு கதவு இருந்தது. அது மூடப்பட்டபின் வாடிக்கையாளரும் காத்திருந்தார். வணிகரும் தம் மனைவி மக்களோடு அமர்ந்து உண்டார். கைபேசிக் கடைக்கோ கதவு இல்லை. இரவு ஒரு மணிக்கும் “விலை என்ன?” என்று ஒருவர் கேட்பார். பதில் வராவிட்டால் “பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறீர்களே” என்பார். இந்தக் கதவில்லாத கடை உள்ளத்தையும் உடலையும் என்ன செய்கிறது, அதற்கு நாம் எவ்வாறு ஒரு கதவு அமைப்பது என்பதைக் காண்போம்.

உள்ளம் ஏன் வாடுகிறது?

முதற் காரணம், எதிர்பாராத நேரத்தில் கிடைக்கும் பரிசு. பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார். கொத்தும்போது எப்போதாவது, முன்கூட்டித் தெரியாத வகையில் தீனி கிடைத்தால், பறவை ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை அவை காட்டின. கைபேசியை எடுக்கும்போதெல்லாம் ஆர்டர் வந்திருப்பதில்லை. ஆனால் எப்போதாவது வந்திருக்கிறது. அந்த ‘எப்போதாவது’தான் அடுப்படியிலும், உணவு விரிப்பிலும், தொழுகை முடித்த விரிப்பிலும் நம் கையைக் கைபேசியை நோக்கி நகர்த்துகிறது.

இரண்டாவது காரணம், ஒப்பீடு. மனிதன் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டே தன் தகுதியை அளக்கிறான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் விளக்கினார். முன்பு அண்டைக் கடையோடு மட்டுமே ஒப்பீடு இருந்தது. இன்று துபாயில் பெரும் முதலீட்டில் நடக்கும் ஆடையகத்தின் படமும், நம் வீட்டு அறையில் எடுத்த அபாயாவின் படமும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருகின்றன. அவர்களின் கடனையும், விற்காமல் கிடக்கும் சரக்கையும் திரை காட்டுவதில்லை. உலக விஷயங்களில் நம்மைவிட மேலே உள்ளவர்களைப் பார்க்காமல் கீழே உள்ளவர்களைப் பார்க்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். கைபேசித் திரையோ நாள் முழுவதும் மேலே உள்ளவர்களையே காட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது காரணம், எண்கள். ஃபேஸ்புக்கில் ‘லைக்’ பொத்தான் 2009இல் வந்தது. அதன்பின் ஒருவருடைய படைப்புக்குக் கிடைத்த வரவேற்பு அனைவரும் காணும் எண்ணாக மாறியது. இந்த எண் மனத்தை அழுத்துகிறது என்ற விவாதம் எழுந்து, அதை மறைத்துக்கொள்ளும் வசதியை 2021இல் இன்ஸ்டாகிராம் எல்லாருக்கும் வழங்கியது. வீட்டில் தைப்பவருக்கு அந்த எண் வெறும் புகழ் அல்ல. அடுத்த மாத வாடகைக்கான அறிகுறியாக அவர் அதைப் பார்க்கிறார். ஆகவே அது குறையும்போது அச்சமும் கூடுகிறது.

இரவல் நிலத்தில் கட்டிய வீடு

இந்தக் கடைகள் நம்முடையவை அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், வணிகப் பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கு முதலிடம் தரப்போவதாக அறிவித்தது. அதுவரை இலவசமாகப் பலரைச் சென்றடைந்த வணிகர்கள் பலர், விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும் நிலைக்கு வந்தனர். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பார்வையாளர்களை இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின.

இதிலிருந்து இரண்டு படிப்பினைகள் கிடைக்கின்றன. பார்வையாளர் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தால், அது நம் உழைப்பின் குறையாகவே இருக்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு நிறுவனம் தன் கணக்கீட்டு முறையை மாற்றியிருக்கலாம். எனவே உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். அடுத்து, வாடிக்கையாளர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், அவர்களின் சம்மதத்தோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒரு தளம் மூடினாலும் அந்த ஏடு உங்களிடம் இருக்கும். அது அமானிதம், பிறரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

நனைந்த தானியத்தின் பாடம்

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது, உள்ளே ஈரம் தென்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இந்நிகழ்வு நாம் அறிந்ததே. இன்றைய குவியல் கைபேசியில் உள்ளது. துணியின் நிறத்தை மாற்றிக் காட்டும் படம், மற்றொருவர் செய்த இனிப்பின் படத்தைத் தம்முடையதாகப் போடுவது, பணம் கொடுத்துப் பின்தொடர்வோரை வாங்குவது, உறவினர்களை விட்டுப் பாராட்டு எழுதச் செய்வது ஆகியவை நனைந்த தானியத்தை அடியில் மறைப்பதற்கு ஒப்பானவை. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் ‘நஜ்ஷ்’ தடை செய்யப்பட்டிருப்பதும் இங்கே எண்ணத்தக்கது; போலிப் பாராட்டும் வாங்குபவரை அதே வழியில்தான் ஏமாற்றுகிறது.

நாட்டின் சட்டமும் இதைக் கவனிக்கத் தொடங்கியுள்ளது. தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகள் 2022 ஜூனில் வெளியாயின. இணையத்தில் வெளியாகும் வாடிக்கையாளர் கருத்துகளுக்கென ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதே ஆண்டு நவம்பரில் கொண்டுவந்தது.

நேர்மைக்கும் மன நிம்மதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பொய்யான படத்தைப் போட்டவர், பொருள் சென்று சேரும் நாளை எண்ணி நடுங்குகிறார். உள்ளதைக் காட்டி விற்றவரோ அன்றிரவு உறங்குகிறார்.

கதவு அமைக்கும் வழிகள்

இரவைப் போர்வையாகவும் பகலை வாழ்வாதாரம் தேடும் நேரமாகவும் இறைவன் ஆக்கியிருப்பதை ‘அந்நபா’ அத்தியாயம் நினைவூட்டுகிறது. ஜுமுஆத் தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வணிகத்தை விட்டுவிடவும், தொழுகை முடிந்தபின் மீண்டும் பொருள் தேடிச் செல்லவும் ‘அல்ஜுமுஆ’ அத்தியாயம் பணிக்கிறது. திறக்கவும் மூடவும் நேரம் உண்டு என்பதே இதன் பொருள். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் சில வழிகளைக் கூறுகிறோம்.

முதலாவதாக, வணிகத்திற்கெனத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் சிறு வணிகர்களுக்காகத் தனிச் செயலியை இலவசமாக வெளியிட்டது. அதில் கடை நேரத்தைக் குறித்து வைக்கலாம். அந்நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகவே பதில் செல்லும்படி அமைக்கலாம். “உங்கள் செய்தி கிடைத்தது, நாளை காலை பத்து மணிக்குப் பதில் தருகிறோம்” என்ற இரண்டு வரிகள் போதும். வாடிக்கையாளருக்கும் மரியாதை, உங்களுக்கும் உறக்கம்.

இரண்டாவதாக, விலை, அளவு, அனுப்பும் ஊர்கள், திருப்பிக் கொடுக்கும் விதிமுறை ஆகியவற்றைப் பொருட்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். ஒரே கேள்விக்கு நாற்பது முறை பதில் எழுதுவதே சோர்வின் பெரும்பகுதி.

மூன்றாவதாக, படம் எடுப்பதற்கும் பதிவிடுவதற்கும் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். பதிவிட்ட உடனே கைபேசியை வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

நான்காவதாக, உண்மையான கணக்கை எழுதுங்கள். ஆயிரம் பேர் பார்த்த படத்தால் ஓர் அபாயாகூட விற்காமல் போகலாம். முப்பது பேர் பார்த்த ஸ்டேட்டஸால் நான்கு விற்கலாம். ஆர்டர், செலவு, இலாபம் ஆகியவற்றோடு, கைபேசியில் கழித்த நேரத்தையும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். எந்த உழைப்புக்குப் பலன் கிடைக்கிறது, எது வெறும் பழக்கம் என்பது தெளிவாகிவிடும்.

ஐந்தாவதாக, பருவ காலத்துக்கு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். பெருநாள் தையலுக்கு, ரமளானின் பாதியோடு புதிய ஆர்டரை நிறுத்துகிறோம் என்று முன்னரே அறிவித்துவிடலாம். இல்லாவிட்டால் கடைசிப் பத்து இரவுகளும் தையல் இயந்திரத்தின் முன்னாலேயே கழிந்துவிடும்.

ஆறாவதாக, உங்கள் குழந்தைகளை விளம்பரமாக்காதீர்கள். பொருளைக் காட்டுங்கள், வீட்டின் உட்புறத்தையும் பிள்ளைகளின் முகத்தையும் பள்ளிச் சீருடையையும் காட்ட வேண்டாம்.

குறை கூறுபவரை எதிர்கொள்வது எப்படி?

நூறு பாராட்டுகள் வந்தாலும் ஒரு குறை நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும். மனித மனம் நல்லதைவிடக் கெட்டதை ஆழமாகப் பதித்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே கோபம் தணியும்வரை பதில் எழுதாதீர்கள். பின்பு ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அவர் சொல்வது உண்மையா? உண்மையெனில் வருத்தம் தெரிவித்து, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுங்கள். அது ஒரு வாடிக்கையாளரை மட்டுமன்றி, படிக்கும் பலரின் நம்பிக்கையையும் பெற்றுத் தரும். உண்மையல்ல எனில் நடந்ததைச் சுருக்கமாகவும் பணிவாகவும் ஒருமுறை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் ஏச்சு என்றால் அதற்குப் பதிலே தேவையில்லை. நீக்கிவிடலாம், அனுப்புபவரைத் தடுத்தும் வைக்கலாம்.

சோர்வு முற்றும்போது

பணிச்சூழலில் நீடித்த மன அழுத்தம் சமாளிக்கப்படாமல் போகும்போது வரும் பெருஞ்சோர்வை, உலக சுகாதார நிறுவனம் 2019இல் மூன்று அடையாளங்களால் விளக்கியது: சக்தியெல்லாம் வற்றிப்போன உணர்வு, செய்யும் வேலை மீது விலகலும் கசப்பும், முன்பு எளிதாகச் செய்ததையும் செய்ய முடியாமை. இதை அந்நிறுவனம் நோயெனக் கூறவில்லை. ஆனால் அலட்சியப்படுத்தத் தக்கதும் அல்ல. உறக்கமின்மை, காரணமில்லாத அழுகை, பிள்ளைகள் மீது எரிச்சல், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஆகியவை தொடருமானால் மருத்துவரை நாடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். மருந்து தேடுவது ஈமானின் குறைவு அன்று.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தபோது, உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அதை நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். வணக்கத்திற்கே இந்த அளவு கூறப்பட்டிருக்க, வணிகத்திற்கு எல்லை இல்லாமல் இருக்குமா?

வீட்டாரும் வாடிக்கையாளரும்

கணவன்மார்களே! மனைவியின் வருமானத்தை ஏற்றுக்கொண்டு, “எப்போதும் கைபேசிதானா?” என்று கடிந்துகொள்வது நீதியாகாது. பொட்டலம் கட்டுவதில், அஞ்சலகம் செல்வதில், கணக்கு எழுதுவதில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உண்ணும் வேளையில் எல்லாருடைய கைபேசிகளும், உங்களுடையது உட்பட, ஓரிடத்தில் வைக்கப்படட்டும்.

வாங்குபவர்களே! நமக்கும் கடமை உண்டு. நள்ளிரவில் விலை கேட்காதீர்கள். பத்து வடிவங்களைத் தைக்கச் சொல்லிவிட்டு மறைந்துவிடாதீர்கள். குறை இருந்தால் முதலில் தனியே சொல்லுங்கள். பொருள் நன்றாயிருந்தால், உண்மையாக இரண்டு வரி எழுதுங்கள். அதற்குக் காசு செலவில்லை. ஆனால் தனியே உழைக்கும் ஒருவருக்கு அது ஒரு வாரத்துக்கான ஊக்கம்.

சகோதர, சகோதரிகளே! ரிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ். கைபேசி அதற்கு ஒரு கருவி மட்டுமே. நாம் உறங்கும் நேரத்தில் வராத ஆர்டர், நமக்கு எழுதப்படாதது. இன்றிரவே உங்கள் கடைக்கு மூடும் நேரம் ஒன்றைக் குறியுங்கள். அதை வாடிக்கையாளர்களுக்கும் அறிவித்துவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வணிகத்தில் நேர்மையையும், வருமானத்தில் பரக்கத்தையும், இல்லங்களில் அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.