வயிற்றில் காத்திருக்கும் மண்டை எலும்பு

தலையில் பலத்த அடிபட்டோ பெரிய பக்கவாதம் வந்தோ மூளை வீங்கும்போது, அது விரிவதற்கு மண்டைக்குள் இடமிருக்காது. உயிரைக் காப்பாற்ற, உள்ளங்கையைவிடப் பெரிய எலும்புத் துண்டை அறுத்தெடுத்துவிட்டுத் தோலை மட்டும் மூடித் தைப்பார்கள். வீக்கம் வடிந்த பிறகு, சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்த இடத்தை அடைக்க வேண்டும். டைட்டானியம், அல்லது ‘பீக்’ எனப்படும் உறுதியான பிளாஸ்டிக் வைத்தால்தான் உயர்ந்த சிகிச்சை என்று குடும்பத்தார் நினைப்பது இயல்பு. ஆனால் விலை இங்கே சரியான அளவுகோல் அல்ல. நோயாளியின் சொந்த எலும்பு நல்ல நிலையில் இருந்தால், பெரும்பாலான பெரியவர்களுக்கு முதலில் கருத வேண்டியது அதைத்தான்.

எடுத்த எலும்பை உறைகுளிர் பெட்டியில் வைக்கலாம். நம் நாட்டில் பல மருத்துவமனைகள் இன்னொரு வழியையும் கையாளுகின்றன: வயிற்றுத் தோலைக் கீறி, கொழுப்புப் படலத்தில் பைபோல இடம் பிரித்து, எலும்பை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். இதற்கு மின்சாரம் வேண்டாம். நோயாளி எந்த ஊருக்குப் போனாலும் எலும்பும் கூடவே போகும். ஏழைகளுக்கான அரைகுறை ஏற்பாடு என்று இதைச் சொல்வது தவறு. அதே மண்டையிலிருந்து அறுத்த துண்டு என்பதால் வளைவும் விளிம்பும் அச்சாகப் பொருந்தும்.

திரும்ப வைத்த எலும்பு கரைந்துபோகாதா என்பது நியாயமான கேள்வி. கரையும். ரத்த ஓட்டம் அறுந்த அந்தத் துண்டுக்குள் சுற்றியுள்ள எலும்பிலிருந்து புது ரத்தக்குழாய்கள் வளர வேண்டும். அதற்குள் அரிமானம் முந்திக்கொண்டால் துண்டு மெலிந்து தளரும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட, 64 பேரைக் கொண்ட ஒப்பீட்டில், சொந்த எலும்பு வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இப்படி ஆனது. டைட்டானியம் வைத்தவர்களுக்கு ஆகவில்லை. இதை மறைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எலும்பு நொறுங்கியிருந்தாலோ சீழ் பிடித்திருந்தாலோ அதைப் பயன்படுத்தவே முடியாது. அப்போது செயற்கைப் பொருள்தான் வழி.

அப்போதும் விலை கூடியதுதான் வேண்டும் என்பதில்லை. எலும்பு சிமெண்ட் எனப்படும் அக்ரிலிக் 1940-களிலிருந்தே மண்டையில் பயன்பட்டு வருகிறது. தூளையும் திரவத்தையும் கலந்தால் மாவுபோலத் திரண்டு, கைபொறுக்காத அளவு சூடேறி, சில நிமிடங்களில் கல்லாக இறுகும். தலையிலேயே வைத்து வடிவமைத்தால் அந்தச் சூடு திசுவைத் தாக்கும் என்பதும், கையால் பிடித்த வடிவம் கோணலாகும் என்பதும் பழைய குறைகள். இன்று சி.டி. ஸ்கேனைக் கொண்டு முப்பரிமாண அச்சில் வார்ப்பு செய்து, சிமெண்டை வெளியிலேயே இறுகவிட்டு, ஆறிய தகட்டைப் பொருத்த முடிகிறது. டைட்டானியத்துக்கும் பீக்குக்கும் உறுதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிருமி தொற்றினால் அவற்றையும் பெரும்பாலும் வெளியே எடுக்கத்தான் வேண்டிவரும்.

தாமதத்துக்கும் விலை உண்டு. எலும்பில்லாத இடத்தில் தோல் குழிந்து, சிலருக்கு உட்கார்ந்தாலே தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். அடைத்த பிறகு பேச்சும் கைகால் அசைவும் தேறியவர்களும் உண்டு. நல்ல எலும்பு வயிற்றிலேயே இருக்க, பீக் தகட்டுக்குப் பணம் சேர்க்கவென்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதால் நோயாளிக்கு நஷ்டம்தான்.