நடுவில் விழும் பந்து யாருக்கு?

குழந்தைகளே! நீங்களும் உங்கள் தோழனும் ஜோடி சேர்ந்து டென்னிஸ் ஆடுகிறீர்கள். பந்து இருவருக்கும் நடுவே வருகிறது. 'அவன் அடிப்பான்' என்று நீங்கள் நிற்கிறீர்கள். 'இவன் அடிப்பான்' என்று அவன் நிற்கிறான். பந்து தரையில் உருண்டு போகிறது, புள்ளி எதிரணிக்கு! இருவருமே நன்றாக ஆடுபவர்கள்தான். பின் ஏன் இப்படி?

இரட்டையர் ஆட்டத்தில் பந்தை அடிப்பது பாதி வேலை. சரியான இடத்தில் நிற்பது மீதிப் பாதி. களத்தின் அகலம் ஏறக்குறைய 11 மீட்டர். இருவர் இடுப்பையும் ஒரு கயிறு இணைத்திருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். தோழன் வலது ஓரத்துக்கு ஓடினால் நீங்களும் வலப்பக்கம் நகர்ந்து நடுவை அடைக்க வேண்டும். அவன் வலையை நோக்கி முன்னேறினால் நீங்களும் முன்னேற வேண்டும். தலைக்கு மேல் பந்து பறந்தால் இருவரும் பின்வாங்க வேண்டும். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே நின்றுவிட்டால் இடையில் பெரிய ஓட்டை விழும். எதிரணி அங்கேதான் அடிக்கும்!

பழனி மலைத்தொடரின் மேலே கொடைக்கானலில் ஆடினால் இது இன்னும் கடினம். அவ்வூர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் பந்தைத் தடுக்கும் விசையும் குறைவு. பந்து வேகமாகப் பாயும், உயரமாகவும் எழும்பும். 1,219 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களில் ஆடுவதற்கென்றே தனிவகைப் பந்துகளைச் சர்வதேச டென்னிஸ் விதிகள் அனுமதிக்கின்றன. பந்து வந்த பிறகு யோசிக்க நேரம் ஏது? எனவே முன்பே பேசி வைத்துக் கொள்ள வேண்டும்.

இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால், நடுவில் வரும் பந்து இடப்பக்கம் நிற்பவருக்கு முன்கை வீச்சுக்கு வசதியாக வரும். பெரும்பாலும் அவரே எடுப்பார். சந்தேகம் வந்தால் 'எனக்கு', 'உனக்கு' என்று உரக்கச் சொல்லுங்கள்.

சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும், சிறுவயதில் சென்னையில் பயிற்சி பெற்ற லியாண்டர் பயஸும் 1999-ஆம் ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் ஜோடியாக ஆடினார்கள். பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டிலும் பட்டம் வென்றார்கள். தனித்தனித் திறமை மட்டும் இருந்தால் இது நடக்குமா?

கண்ணாடிச் சுவர் சூழ்ந்த, 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் நால்வர் ஆடும் 'பேடல்' விளையாட்டுக்கும் இந்தக் கயிற்றுப் பாடம் பொருந்தும். 

இனி நடுவில் பந்து விழுந்தால், 'உன்னால்தான் போச்சு' என்று தோழனிடம் கோபிக்காதீர்கள். 'அடுத்த பந்தை யார் எடுப்பது?' என்று கேளுங்கள். ஜோடி நிலைக்கும், ஆட்டமும் ஜெயிக்கும்!