புதையல் எங்கே இருக்கிறது?
கல்லும் ஊர்ப்பெயரும் சொல்லும் உண்மை

திருவிழாக் காலம் வந்துவிட்டால் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் மாரியம்மன் கோயில்களுக்குப் புத்துயிர் பிறக்கின்றது. பிழைப்பின் பொருட்டுச் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தவர்கள் பிள்ளை குட்டிகளோடு பிறந்த மண்ணுக்குத் திரும்புகின்றனர். கரகம் இறங்கி, தீமிதி முடிந்து, அன்னதானப் பந்தலில் கூட்டம் குறைந்த பின்னர்ப் பெரியவர்களின் பேச்சு பழங்கதைகளின் பக்கம் திரும்பும். அக்கதைகளில் தவறாமல் இடம்பெறும் ஒன்று உண்டு. அதுதான் புதையல்!

கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறையில் பாம்பு பொறித்திருக்கிறது, அதன் தலை நோக்கும் திசையில் பொற்குடம் இருக்கிறது என்பார் ஒருவர். ஜப்பான்காரன் காலத்தில் பெட்டி பெட்டியாகப் பதுக்கிய செல்வம் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது என்பார் மற்றொருவர். மை போட்டுப் பார்த்ததில் இடம் தெரிந்துவிட்டது, காவல் காக்கும் பூதம்தான் விடவில்லை என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். கேட்கச் சுவையான கதைகள் இவை. ஆயினும் கதையைக் கேட்டவர்களுள் யாரோ ஒருவர் மறுநாள் இரவு மண்வெட்டியோடு அந்தக் கல்லைத் தேடிச் சென்றுவிட்டால், அழிவது எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடையாளங்களின் மெய்ப்பொருள்

கல்லில் உள்ள உருவம் புதையலைக் காட்டும் என்னும் நம்பிக்கை தாயகத்திலிருந்தே தோட்டத் தமிழரோடு கப்பலேறி வந்தது. ஆனால், புதையல் தேடுவோர் அடையாளம் என்று கருதும் உருவங்கள் பலவற்றின் மெய்ப்பொருள் வேறு.

திரிசூலம் பொறித்த கல்லை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் சிவன் கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தின் எல்லையில் சூலக்கல் நடுவதும், பெருமாள் கோயில் நிலத்தின் எல்லையில் சக்கரம் பொறித்த திருவாழிக்கல் நடுவதும் பழைய வழக்கம். இந்த நிலம் இறைவனுக்கு உரியது என்பதே அந்தக் கல் சொல்லும் செய்தி. பாம்பு உருவம் பொறித்த நாகக்கல், மகப்பேறு வேண்டியோ நாக தோஷம் நீங்க வேண்டியோ அரசமரத்தடியிலும் வேப்பமரத்தடியிலும் வைக்கப்படுவது. வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவம் உடையது நடுகல். ஊரைக் காக்கவோ, ஆநிரையை மீட்கவோ போரிட்டு மாண்டவனுக்கு ஊரார் எடுத்த நினைவுச் சின்னம் அது.

செல்வத்தையே குறிக்கும் சிற்பங்களும் உண்டு. குபேரனின் நிதிகளான சங்கநிதியும் பதுமநிதியும் குள்ள உருவங்களாகக் கோயில் வாயில்களின் இருமருங்கிலும் நிற்பதைக் காணலாம். இலங்கை அனுராதபுரத்தில் அபயகிரி விகாரையின் வாயிலிலும் இவ்விருவர் காவல் நிற்கின்றனர். உள்ளே வருவோர்க்கு வளம் பெருகுக என்னும் வாழ்த்தே அவர்களின் பொருள். காலடியில் தோண்டுக என்பதன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் நில அளவையாளர்கள் கல்லில் பொறித்த அம்புக்குறியும் இவ்வாறே தவறாகப் படிக்கப்படுவதுண்டு. அது உயரத்தையும் எல்லையையும் கணக்கிடச் செய்த அடையாளம். அம்பு காட்டும் திசையில் நடந்தவர்க்குக் கிட்டியது கால்வலி மட்டுமே.

லிங்கி ஆற்றோரத்துக் கற்கள்

நெகிரி செம்பிலானில் இத்தகைய கற்களுக்குப் பஞ்சமில்லை. கோலா பிலா, ரெம்பாவ், தம்பின் வட்டாரங்களிலும், எல்லை கடந்தால் மலாக்காவின் அலோர் காஜா பகுதியிலும் நெட்டுக்குத்தாக நடப்பட்ட பெருங்கற்கள் ஏராளம். மலாய்க்காரர்கள் இவற்றைப் ‘பத்து ஹீடோப்’, அதாவது உயிருள்ள கல் என்று அழைக்கின்றனர். ஆண்டுதோறும் இவை வளர்கின்றன என்பது கிராமத்து நம்பிக்கை. மினாங்கபாவ் மக்களின் பூர்வீகமான மேற்குச் சுமத்திராவிலும் இத்தகைய நெடுங்கற்கள் உண்டு.

இவற்றுள் புகழ்பெற்றவை போர்ட்டிக்சன் மாவட்டத்தின் தென்கோடியில், லிங்கி ஆற்றை ஒட்டிய பெங்காலான் கெம்பாஸில் உள்ளன. அங்குள்ள மூன்று கற்களுக்கு வாள், சுக்கான், கரண்டி என்று மக்கள் பெயரிட்டுள்ளனர். வாள் என்னும் கல்லில் அல்லாஹ் என்னும் சொல் அரபு எழுத்தில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகே ஷேக் அகமது மஜ்னுன் என்பவரின் கல்லறை இருக்கிறது. அவ்வளாகத்தில் துளையுள்ள கல்லொன்றும் உண்டு. பொய்யுரைப்பவன் அத்துளையில் கையை விட்டால் கல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று மக்கள் நம்பினர். சத்தியம் செய்யும் கல்லாக அது கருதப்பட்டது.

கல்லறைக் கல்வெட்டைத் தமிழர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி 872, அதாவது கி.பி. 1467-ஆம் ஆண்டு அதில் குறிக்கப்பட்டுள்ளது. மலாக்காவைச் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம் அது. கல்வெட்டின் ஒரு பகுதி அரபு எழுத்திலும், மற்றொரு பகுதி காவி என்னும் பழைய சாவக எழுத்திலும் அமைந்துள்ளது. அந்தக் காவி எழுத்து, காஞ்சியை ஆண்ட பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்து வளர்ந்தது. அதில் காலம் குறிக்கப்பட்டிருப்பதோ, கி.பி. 78-இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கில்! ஓர் இஸ்லாமியப் பெரியவரின் நினைவுக் கல்லில், கடல் கடந்து வந்த பல்லவ எழுத்தின் வழித்தோன்றலும், இந்திய நாட்டின் ஆண்டுக் கணக்கும், அரபு எழுத்தும் கைகோத்து நிற்கின்றன. பொற்குடம் ஒன்று கிடைத்திருந்தால் இவ்வளவு செய்தியை அது சொல்லியிருக்குமா?

இக்கற்களைப் பற்றி ஐ.எச்.என். எவன்ஸ் எழுதிய அகழாய்வுக் கட்டுரை 1921-இல் வெளிவந்தது. கல்வெட்டுகளைச் சி.ஓ. பிளாக்டன் ஆராய்ந்தார். பின்னர், தம்பினை அடுத்த கம்போங் ஈப்போவில் வரிசையாக நிற்கும் பெருங்கற்களை மலேசிய ஆய்வாளர்கள் அகழ்ந்து, 1982-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆய்வாளர் தோண்டுவதற்கும் புதையல் வேட்டைக்காரர் தோண்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆய்வாளர் மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று எழுதி வைக்கின்றார். ஒரு கரித்துண்டுகூட அவருக்குக் காலத்தைச் சொல்லும். வேட்டைக்காரரோ ஒரே இரவில் அத்தனை அடுக்குகளையும் கலைத்துவிடுகின்றார். அதன்பின் அந்தக் கல் ஊமையாகிவிடுகின்றது.

பெயரில் ஒளிந்திருக்கும் பொன்

கல்லுக்கு அடுத்தபடியாகப் புதையல் தேடுவோரை ஈர்ப்பது ஊர்ப்பெயர். மலாயாவையே தாலமி என்னும் பண்டைய நிலநூலார் பொற்றீபகற்பம் என்று குறித்தார். மாநிலத்தின் தென்கிழக்கு எல்லைக்கு அப்பால், ஜொகூரில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் லேடாங் மலைக்கு ஐரோப்பியர் ஓபிர் என்று பெயரிட்டனர். சாலமோன் மன்னனுக்குப் பொன் வந்த நாடாக விவிலியம் கூறும் பெயர் அது. மலையில் பொன் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அப்பெயரும் துணை நின்றது.

பொன் முற்றிலும் பொய்யன்று. தீபகற்பத்தின் நடுவே ஓடும் தங்கப் பாறைப் பட்டை நெகிரி செம்பிலானின் கிழக்குப் பகுதியையும் தொட்டுச் செல்கின்றது. சிண்டிராஸ், பத்து பெர்சாவா ஆகிய இடங்களில் தங்கச் சுரங்கங்கள் நடந்தன. ஆனால், அங்கே பொன் எடுத்தவர்கள் பாறைச் சிற்பத்தைப் பார்த்துத் தோண்டவில்லை. வெண்பளிங்குக் கல் ஓடும் தடத்தைப் பின்பற்றினர், ஆற்றுமணலைத் தட்டில் அலசிப் பார்த்தனர். மண்ணின் இயல்பை அறிந்த உழைப்பே அவர்களுக்கு வழிகாட்டிற்று.

பெயரைக் காதால் மட்டும் கேட்டுப் பொருள் கொள்வதும் தவறில் முடியும். லிங்கி என்றதும் தமிழர் செவியில் லிங்கம் என்று ஒலிக்கின்றது. ஆற்றங்கரையில் சிவலிங்கம் புதைந்து கிடக்கிறது என்று கதை கட்ட இது போதும். மலாய் மொழியில் லிங்கி என்பது படகின் முன்பக்கத் தண்டைக் குறிக்கும் சொல். பெங்காலான் கெம்பாஸ் என்பதும் கெம்பாஸ் மரம் நின்ற படகுத்துறை என்று பொருள்படும். ரெம்பாவ் என்னும் பெயரை மெர்பாவ் மரத்தோடு இணைத்துச் சொல்வர். ஸ்ரீ மெனாந்தியோ, குடியேற வந்தவர்களை எதிர்பார்த்து நின்ற நெற்கதிரால் பெயர் பெற்றது என்கிறது மரபுக் கதை. மஜாபாகித் அரசவைக் கவிஞர் பிரபஞ்சா 1365-இல் இயற்றிய நாகரகெர்த்தாகமத்தில் வரும் சாங் ஹியாங் ஹூஜோங் என்னும் பெயர், சிரம்பானின் பழைய பெயரான சுங்கை ஊஜோங்கைக் குறிப்பதாகக் கருதும் அறிஞர்கள் உளர். மரமும் துறையும் நெற்கதிரும் படகும் இப்பெயர்களில் உறங்குகின்றன. இந்நிலத்தில் மக்கள் எவ்வாறு வந்திறங்கி வாழ்ந்தனர் என்பதை அவை காட்டுகின்றன.

தோட்டத்துப் பெயர்களும் அவ்வாறே

தோட்டங்களின் பெயர்களும் அடையாளக் கற்களே. சிரம்பான் பக்கத்தில் ஷங்காய் என்றொரு தோட்டப் பெயர் ஏன்? 1910-ஆம் ஆண்டில் சீனத்து ஷங்காய் நகரில் ரப்பர்ப் பங்குகளை வாங்கும் மோகம் தலைவிரித்தாடியது. மலாயாத் தோட்டங்களுக்காக அங்கே நிறுவனங்கள் வரிசையாகத் தொடங்கப்பட்டன. ஷங்காய் சிரம்பான் என்னும் பெயரிலேயே ஒரு ரப்பர் நிறுவனம் இருந்தது. அதே ஆண்டிலேயே பங்கு விலை சரிந்து ஷங்காயில் வட்டிக்கடைகள் பல முறிந்தன. அந்தச் செல்வத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒரு தோட்டப் பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது. கைரோ, பிராட்வால், அதர்டன், கெர்பி என நீளும் பெயர்களுக்குப் பின்னாலும் தேடத்தக்க வரலாறு உண்டு.

இவை துரைமார்களின் ஏட்டில் இருந்த பெயர்கள். தொழிலாளர் நாவில் வழங்கியவை வேறு. ஆட்களைக் கூட்டி வந்த கங்காணியின் பெயரால், ஆற்றால், மரத்தால், முதல் துரையின் தோற்றத்தால் அவர்கள் தமக்கென ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டனர். எந்த வரைபடத்திலும் இடம்பெறாத அப்பெயர்கள் பெரியவர்களின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. கித்தா மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டு, செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்ட இடங்களில், தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பவை பல சமயங்களில் இரண்டே: ஒன்று கோயில், மற்றொன்று பெயரில் லாடாங் என்னும் சொல்லைச் சுமக்கும் தமிழ்ப்பள்ளி.

கிடைத்தவை எவ்வாறு கிடைத்தன?

மண்ணுக்குள் செல்வம் கிடைத்ததே இல்லையா என்று கேட்கலாம். கிடைத்ததுண்டு. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண் தோண்டியபோது 505 பொற்காசுகள் நிறைந்த கலம் வெளிப்பட்டது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டநாதர் கோயிலில் குடமுழுக்கு யாகசாலைக்காகத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. இரண்டு இடங்களிலும் புதையல் வேட்டை நடைபெறவில்லை, திருப்பணியே நடைபெற்றது. சீர்காழியில் காசினும் மேலாக மண்ணுக்குள் காக்கப்பட்டிருந்தது தமிழ் எழுத்து!

ஜப்பானியர் காலத்துப் பதுக்கல் கதைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. தளபதி யமாஷிடாவின் தங்கம் பற்றிய பேச்சு பெரிதும் பிலிப்பைன்ஸ் நாட்டைச் சார்ந்தது, அதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. மலாயாவில் ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரப் பணமோ 1945-இல் வெறுங்காகிதமாயிற்று.

தற்செயலாக ஏதேனும் கிடைத்தாலும் அது கண்டெடுத்தவரின் சொத்தாகிவிடாது. மலேசியாவில் 1957-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின் இடத்தில் இன்று 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் உள்ளது. கிடைத்த பொருளை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கடமை. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதுவாயினும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது.

காக்க வேண்டிய செல்வம்

மண்வெட்டியைக் காட்டிலும் பெரிய ஆபத்து மண்வாரி இயந்திரம். கெடா மாநிலம் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி என்னும் தொன்மையான கோயில் அடித்தளம், நிலத்தைச் சமப்படுத்தும் பணியில் தகர்க்கப்பட்ட செய்தி 2013-இல் வெளியாகி நாட்டையே அதிர வைத்தது. கடாரத்தின் சின்னத்துக்கே அந்தக் கதியென்றால், தோட்டத்து மூலையில் உள்ள சிறு கோயிலின் நிலை என்ன?

தோட்டம் கைமாறும் வேளையில் எழும் முதல் கேள்வி, இந்தக் கோயில் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறது என்பதுதான். அதற்கு விடை சொல்லும் வலிமை சுவரில் பதித்த உபயதாரர் கல்லுக்கு உண்டு. மணியில் வெட்டிய ஆண்டுக்கும், முதல் கும்பாபிஷேக அழைப்பிதழுக்கும், மூதாட்டி ஒருவரின் நாவில் வழங்கும் பழைய தோட்டப் பெயருக்கும் உண்டு. பொற்குடம் தேடி அந்தக் கல்லைப் பெயர்த்தவர், கோயிலின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்தவராவார். திருப்பணி என்ற பெயரில் பழைய கல்லைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிடுவதும் ஏறத்தாழ அதே தவறுதான்.

ஆகவே, திருவிழாவுக்குத் தோட்டம் திரும்பும் இளைஞர்கள் ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்வது நலம். கோயிலில் உள்ள எழுத்துகள் அனைத்தையும் ஆண்டோடு படியெடுக்கலாம். பழைய கற்களை அசைக்காமல் நின்ற இடத்திலேயே படம்பிடிக்கலாம். ஆறு, பாலம், லயம், மேடு ஆகியவற்றுக்குப் பெரியவர்கள் வழங்கிய பெயர்களையும், பெயர் வந்த காரணத்தையும் கேட்டு எழுதலாம். கோயில் நிர்வாகத்தினர் அவற்றைத் தொகுத்து அடுத்த ஆண்டுத் திருவிழா மலரில் அச்சிட்டால், ஒரு தோட்டத்தின் வரலாறு காற்றோடு போகாமல் நிலைபெறும்.

கல் காட்டும் திசையில் எங்கோ செல்வம் இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகத் தேடியவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்றே. அவர்கள் தேடிய செல்வம், கையூன்றி நின்ற அந்தக் கல்லேதான்.