ஒரு கிலோ மாவுக்கு நிஜமா எவ்வளவு செலவு?



இட்லி மாவு அரைத்து விற்கும் குழுவில் "கிலோவுக்கு என்ன செலவாகுது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் 36 ரூபாய் என்பார், இன்னொருவர் 42 என்பார். இரண்டும் பொய் இல்லை. எந்த மாதக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இதற்கு நம் மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. என்.எல்.சி. அனல்மின் நிலையங்கள் மாநிலங்களுக்கு மின்சாரம் விற்கும்போது கட்டணத்தை இரண்டாகப் பிரித்து வாங்குகின்றன. நிலையம் ஓடத் தயாராக இருப்பதற்கு ஒரு கட்டணம்; கடன் வட்டி, பராமரிப்பு எல்லாம் இதில் அடங்கும். கொடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் எரிபொருளுக்காக இன்னொரு கட்டணம். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இரண்டையும் நிர்ணயிக்கிறது.

நம் கிரைண்டருக்கும் இதே கதைதான். கொட்டகை வாடகை, கடன் வட்டி, உதவிக்கு வரும் பெண்ணின் மாதச் சம்பளம் இவற்றை வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கொடுத்தே ஆகணும். இது நிலையான செலவு. அரிசி, உளுந்து, வெந்தயம், கவர் எல்லாம் மாறும் செலவு. கரண்ட் பில் மாதிரி சிலது இரண்டிலும் கலந்து கிடக்கும். அதை நினைத்து மண்டையைப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம், பழைய கணக்கு நோட்டே பிரித்துக் கொடுத்துவிடும்.

ஒரு குழுவின் ஆறு மாதக் கணக்கு இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

டிசம்பர் – 500 கிலோ – ரூ.21,000
ஜனவரி – 640 கிலோ – ரூ.25,100
பிப்ரவரி – 720 கிலோ – ரூ.27,900
மார்ச் – 560 கிலோ – ரூ.26,700
ஏப்ரல் – 850 கிலோ – ரூ.31,300
மே – 1,000 கிலோ – ரூ.36,000

மார்ச்சில் மோட்டார் காயில் எரிந்து ரிப்பேர் செலவு வந்தது. அதனால் அந்த மாதத்தை ஒதுக்கிவிடுங்கள். மீதியில் அதிகமாக விற்ற மாதம் மே, குறைவாக விற்றது டிசம்பர். 500 கிலோ கூடியபோது செலவு 15,000 ரூபாய் கூடியிருக்கிறது. அப்படியென்றால் கிலோவுக்கு மாறும் செலவு 30 ரூபாய். மே மாதம் 1,000 கிலோவுக்கு இது 30,000 ஆகிறது. மொத்தம் 36,000-ல் இதைக் கழித்தால் மிச்சம் 6,000. அதுதான் மாதாமாதம் வரும் நிலையான செலவு.

சரியா என்று பிப்ரவரியை வைத்துப் பாருங்கள். 720 கிலோவுக்கு 21,600, அதோடு 6,000 சேர்த்தால் 27,600. நோட்டில் 27,900 இருக்கிறது. முந்நூறு ரூபாய் வித்தியாசம் பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் தள்ளிப் போனால்தான் ஏதோ எழுத விட்டுப்போச்சு என்று அர்த்தம். நடுவில் அரிசி விலை ஏறியிருந்தாலும் இந்தக் கணக்கு தப்பும். விலை ஏறிய பிறகு வந்த மாதங்களை மட்டும் எடுங்கள்.

கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் பத்து ரூபாய் மிஞ்சும். 600 கிலோ விற்றால் கைக்கும் வாய்க்கும் சரி. டிசம்பரில் கையை விட்டு ஆயிரம் ரூபாய் போயிருக்கிறது. ஆனால் இதில் நம்ம கூலியை எழுதினோமா? பெரும்பாலும் எழுதுவதில்லை. விடியற்காலை எழுந்து அரைக்கிற கைக்கு மாதம் 3,000 சேர்த்தால் நிலையான செலவு 9,000 ஆகும். அப்போது 900 கிலோ விற்றாக வேண்டும். ஆறு மாதத்தில் மே ஒன்றுதான் அதைத் தாண்டியிருக்கிறது.

இப்போது ஒரு ஹாஸ்டலில் மாதம் 200 கிலோ கேட்கிறார்கள், கிலோவுக்கு 34 ரூபாய்தான் தருவோம் என்கிறார்கள். "நமக்கே 36 ஆகுது" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கிரைண்டரும் ஆளும் சும்மா இருக்கிற மாதமென்றால், கூடுதலாக அரைக்கும் கிலோவுக்கு 30 தான் செலவு. 800 ரூபாய் கையில் நிற்கும். ஆனால் இதற்காக இன்னொரு கிரைண்டரோ ஆளோ போட வேண்டி வந்தால் கணக்கே வேறு. இந்த விலை டீக்கடைக்காரர் காதுக்குப் போய், அவரும் 34-க்கே கேட்க ஆரம்பித்தால், கூலி சேர்க்காமலே 1,500 கிலோ ஓட்ட வேண்டியிருக்கும்.