மேலயா, கீழயா? பிரெஞ்சில் ஒரே ஓர் ஒலி மாறினால் போச்சு!

போனைக் காணோமா? 'ஊ ஏ மோன் தெலெஃபோன்?' என்று கேட்டுவிடலாம். புதிதாக பிரெஞ்சு படிப்பவர்களைக் குழப்புவது பதில்தான்.

தமிழில் 'மேசை மேல்' என்கிறோம். பிரெஞ்சில் வரிசை தலைகீழ்: 'ஸ்யூர் லா தாப்ல்', அதாவது 'மேல் மேசை'. மேசையில், பையில் என இரண்டுக்கும் நமக்கு ஒரே 'இல்' போதும். அங்கே மேசைக்கு 'ஸ்யூர்', பைக்கு 'தான்'. இதில் கடைசி 'ன்' வெறும் மூக்கொலி.

முன்னால் என்றால் 'தெவான்', பின்னால் என்றால் 'தெரியேர்', அடியில் என்றால் 'ஸூ'.

ஒட்டாமல் மேலே இருந்தால் 'ஓ தெஸ்யூ', கீழே என்றால் 'ஓ தெஸூ'. வித்தியாசம் ஒரே ஓர் உயிரொலி! மேல் வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுது என்று பாரிஸில் பிளம்பரைக் கூப்பிடுகிறீர்கள். இந்த ஒலி பிசகினால், அவர் கீழ் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

இங்கே 'யூ' என்று எழுதியிருப்பது ஓர் அடையாளம்தான். அந்த ஒலி தமிழில் கிடையாது. சிம்பிள் வழி: 'ஈ' சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவியுங்கள். வருவதுதான் 'மேலே'. சாதாரண 'ஊ' சொன்னால் 'கீழே'.

இன்றைக்கு மேசையைச் சுற்றி இருக்கும் 5 பொருள்களை வைத்துச் சொல்லிப் பாருங்க. முக்கியமாக, வாய்விட்டு!