விதைக்குக் காவலாகும் நற்கிருமிகள்

பாவுக்குக் கஞ்சியிடுவது எதற்காக என்பதை நெசவாளர்களான நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கஞ்சி ஏறிய இழை உராய்வைத் தாங்கும். ஏறாத இழை அறுந்துபோகும். நோய்க் கிருமிகளும் இவ்வித்தையை அறிந்தவையே. அவை பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதனுள் கூட்டமாக ஒட்டி வாழ்கின்றன. இதனை உயிர்ப்படலம் என்பர். தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் கை வைத்தால் வழுக்குகிறதே, அது இப்படலந்தான். தனித்துத் திரியும் கிருமியைக் கொல்லும் மருந்து, படலத்தினுள் இருக்கும் அதே கிருமியிடம் தோற்றுவிடுவதுண்டு.

எட்டயபுரத்துக் கரிசலில் பருத்தி விதைப்போருக்கு இது வேற்றூர்ச் செய்தியன்று. சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியா, பருத்தியில் இலைக்கருகல் நோயை உண்டாக்குகிறது. இலை நரம்புகளுக்கிடையே நீர் கோத்த கோணப் புள்ளிகள் தோன்றும். கிளை கறுத்து முறியும். காய் அழுகிப் பஞ்சில் கறை ஏறும். நாட்டுப் பருத்தியான கருங்கண்ணி இந்நோயைப் பெரிதும் தாங்கும். அமெரிக்க இனங்களே எளிதில் வசப்படுபவை. கிருமி விதையின் துய்யில் ஒளிந்து அடுத்த பருவத்திற்கும் வந்துவிடுகிறது. இக்கிருமியின் உறவினம் ஒன்று சுரக்கும் சாந்தன் பிசினைத் துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

இதற்கு மாற்று யாது? பாலில் உறைமோர் முந்திக்கொண்டால் கெடுக்கும் கிருமிகளுக்கு இடமில்லாமற் போகிறது. வேரிலும் அவ்வாறே. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநில ஆராய்ச்சியாளர்கள், பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் நற்கிருமி ஒரு சிறு செடியின் வேரில் தானே படலம் அமைத்து, சர்ஃபாக்டின் என்ற சவர்க்காரம் போன்ற பொருளைச் சுரந்து, நோய்க்கிருமியைத் தடுப்பதைக் கண்டனர். அப்பொருளைச் சுரக்க இயலாத வகை செடியைக் காக்கவில்லை. நம் மாநிலத்தில் பெரிதும் பயன்படுவது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதனை டால்க் பொடியில் கலந்து தருகின்றனர். இது வேரைச் சுற்றி இடம்பிடித்து, இரும்புச்சத்தைப் பிற கிருமிகளுக்குக் கிட்டாமற் செய்வதோடு, செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது.

ஆகவே முந்துவதே இதில் முக்கியம். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பொடி. ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, தாமதமின்றி விதைக்க வேண்டும். பின்னர் ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து நிலத்தில் இடலாம். இலையில் நோய் பரவிய பின் விதைப்பூச்சை நினைத்து வருந்திப் பயனில்லை. வைரஸ் நோய்களுக்கு இது மருந்தென்று எவரேனும் கூறினால் நம்பற்க.

மானாவாரிக் காட்டில் ஐப்பசி மழை தவறினால் மறு விதைப்புக்கு வழியில்லை. அதனால் பொட்டலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது உயிருள்ள சரக்கு. உர மூட்டையைப் போல வெயிலில் அடுக்கி வைத்த பொடியில் மிஞ்சுவது டால்க் மாத்திரமே. தேதி கடந்ததை எவர் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். செம்பு மருந்தோடும் ஸ்ட்ரெப்டோமைசினோடும் ஒன்றாகக் கலக்கலாகாது. அவை நற்கிருமியையும் கொல்லும். கந்தக அமிலத்தில் துய் நீக்கிய விதையாயின், அமிலம் அறவே போகும்வரை பன்முறை அலசி உலர்த்திய பின்னரே பொடியைப் பூசுக. ஐயமுள்ளோர் அண்மையிலுள்ள கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தாரை விதைப்புக்கு முன்பே கேட்டறியலாம்.