உள்ளே இரண்டு குமாஸ்தா!

நான் பி.காம். பயாலஜியைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவன். இவன் என்ன கிட்னியைப் பற்றி எழுதுவது என்று முறைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

போன மே மாதம், மண்டையைப் பிளக்கிற வெயிலில் நாலு நாள் பைக்கில் அலைந்தேன். காலையில் காபி, மத்தியானம் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். சிறுநீர் நல்லெண்ணெய் நிறத்தில் போக, பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன்.

"தண்ணி குடிக்கறதில்லையா?"

"வேலைல மறந்துடறேன் டாக்டர்."

"நீங்க மறந்தாலும் கிட்னி மறக்காது. என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப ஈஸி. அது ஒரு அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்!"

கணக்கைக் கேளுங்கள். ரத்தத்தில் செல்களைக் கழித்தால் மிஞ்சும் திரவம் சுமார் 3 லிட்டர். அதைத் தினம் 60 தடவை வடிகட்டுகிறது கிட்னி. ஆக 180 லிட்டர்! அதில் வெளியே போவது ஒன்றரை லிட்டர் போல. மீதியெல்லாம் ரத்தத்துக்கே ரிட்டர்ன். இதைச் செய்யும் நெஃப்ரான்கள் கிட்னிக்குப் பத்து லட்சம் வாக்கில்.

பெரிய வரவு செலவுகள் குழாயின் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். பைசா சுத்தமாக டேலி செய்வது கடைசிக் குழாயில். அங்கேதான் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இரண்டு குமாஸ்தாக்கள்.

முதல் குமாஸ்தா, பிரின்சிபல் செல். இவருக்குத் தண்ணீர் இலாகா. உடம்பில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து வாஸோப்ரஸின் என்ற ஹார்மோன் மெமோ வரும். உடனே இவர், சின்னச் சின்னப் பைகளில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அக்வாபோரின் என்ற வாசல்களை எடுத்துச் சுவரில் பொருத்துவார். தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். என் நல்லெண்ணெய்க்குக் காரணம் இதுதான். மது இந்த மெமோவையே அமுக்கிவிடுகிறது. பீர் பார்ட்டியில் நண்பர்கள் மாறி மாறி எழுந்து போவது ஏன் என்று புரிகிறதா?

இரண்டாமவர், இன்டர்கேலேட்டட் செல். அமில இலாகா. சாப்பிட்ட பருப்பும் முட்டையும் கறியும் செரித்து, உடம்பில் தினமும் அமிலம் சேர்கிறது. கரியமில வாயுவை நுரையீரல் ஊதித் தள்ளிவிடும். மற்ற அமிலத்தை இவர்தான் பம்ப் வைத்து வெளியேற்ற வேண்டும். அம்மோனியா அதைச் சுமந்துகொண்டு போகும். ஒரு அமிலத் துகளை வெளியே தள்ளினால், ஒரு பைகார்பனேட் ரத்தத்தில் வரவு. டெபிட், கிரெடிட்! இப்படித்தான் ரத்தத்தின் பி.ஹெச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கிறது.

ஒரு சந்தேகம் வரும். தண்ணீர் திரும்பும் வாசல் வழியாக, தள்ளிய அமிலமும் திரும்பி வந்துவிடாதா? வராது. அக்வாபோரின் தண்ணீரை வரிசையாக ஒவ்வொன்றாக விடும். அமிலத் துகளை மட்டும் விடாது. அப்படி ஒரு வாட்ச்மேன்! இந்த வாசலைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

என் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் நார்மல். சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"கிட்னியோட சக்தி பாதி போற வரைக்கும்கூட இது நார்மலாவே இருக்கலாம். அது சத்தம் போடாத குமாஸ்தா சார். வருஷத்துக்கு ஒரு தடவை பி.பி. பாருங்க. யூரின்ல புரோட்டீன் போகுதான்னு பாருங்க. தலைவலின்னா நீங்களா பெயின் கில்லர் வாங்கி முழுங்காதீங்க."

எனக்கு என் பழைய ஆபீஸ் கேஷியர் அண்ணன் ஞாபகம் வந்தது. வயது நாற்பதுதான். பி.பி. இருந்தது தெரியாமலே பல வருஷம் ஓடிவிட்டது. இப்போது வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ். வாரத்தின் 168 மணி நேரமும் கிட்னி செய்கிற கணக்கை, மெஷின் 12 மணி நேரத்தில் ஏதோ முடிந்தவரை ஒப்பேற்றுகிறது. மிச்ச நேரத்தில் தண்ணீர் உடம்பிலேயே சேரும். அதனால் அவருக்கு அளந்துதான் தண்ணீர்.

மறுநாளே பார்க்கப் போனேன். வெயில். கையில் பாட்டில். அவர் எதிரில் குடிக்க மனசு வரவில்லை; மூடி பைக்குள் வைக்கப் போனேன்.

கவனித்துவிட்டார்.

"குடிடா தம்பி," என்றார். "உனக்குத்தான் உள்ளே ஆள் இருக்கே!"